கண்டம் தாண்டிக் கைகோக்க: முதல் கடிதத்திலிருந்து முதல் வேலை வரை

உங்கள் சங்கமோ, பல்கலைக்கழகத் துறையோ, நகர மன்றமோ, உழவர் அமைப்போ உலகின் மறுகோடியில் இருக்கும் ஓர் அமைப்போடு உறவு வைத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டது. பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது ஒரு மின்னஞ்சல் முகவரியும், "நல்லுறவையும் ஒத்துழைப்பையும் வளர்ப்பது" என்ற ஒரு வரித் தீர்மானமும் மட்டுமே. இதற்கு முன் இப்படி எதையும் செய்ததில்லை. அந்த நிலையில் இருப்பவருக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் உறவு வளரட்டும், வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய கூட்டணிகள், கொடிகளோடு படம் எடுத்துக்கொண்டதோடு நின்றுபோனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன வேலையை எடுத்துச் சேர்ந்து செய்தவர்களுக்கு உறவு பின்னாலேயே வந்தது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

படி 1: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகளின் குருத்து சுருண்டு கருகத் தொடங்கியது. காரணம் ஒரு மாவுப்பூச்சி. மரவள்ளியே தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்த பயிர். பூச்சியும் அங்கிருந்துதான் வந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்த இயற்கை எதிரிகள் மட்டும் கூட வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் நாடு நாடாகப் பரவியது. நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தாரிடம் பாதிக்கப்பட்ட வயல் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது, விடை இல்லை. அது கடலுக்கு அப்பால் இருந்தது.

தேடல் எடுத்த எடுப்பில் கைகூடவில்லை. தென் அமெரிக்காவின் வடபகுதியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது; பார்க்க அதே போல இருந்தாலும் அது வேறு இனம். அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் பலிக்கவில்லை. 1981ல், கொலம்பியாவில் உள்ள வேளாண் மையத்தைச் சேர்ந்த டோனி பெல்லோட்டி சரியான பூச்சியைப் பராகுவேயில் கண்டார். அதை ஒழிக்கும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியும் அங்கேயே கிடைத்தது. குளவியைப் பிரிட்டனில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டே வயலில் விட்டார்கள். குளவி ஆப்பிரிக்காவில் மரவள்ளி விளையும் பெரும்பாலான நாடுகளில் பரவிப் பூச்சியை அடக்கியது. இந்த முயற்சிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மூன்று கண்டங்கள் சேர்ந்த இந்த வேலைக்கு அடிப்படை எளிமையானது: ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. ஆகவே ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "எங்களிடம் இருப்பது", வலப்பக்கம் "எங்களுக்குத் தெரியாதது". வலப்பக்கத்தை எழுதத்தான் மனம் கூசும். ஆனால் மறுபக்கத்தாருக்கு உங்களோடு பேச ஒரு காரணம் கிடைப்பது அந்தப் பக்கத்தில்தான். வறட்சியில் விதை காப்பது, வெள்ளத்துக்குப் பின் பள்ளியைத் திரும்பத் திறப்பது, அழியும் மொழியில் அகராதி செய்வது, முதியோரை வீட்டிலேயே பராமரிப்பது என்று எதுவாகவும் இருக்கலாம்.

தேர்ந்தெடுத்த வேலையை மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள். ஓராண்டுக்குள் முடியுமா? ஒரு பக்கம் விலகினால் மற்றப் பக்கத்தால் தனியே செய்ய முடியாமல் போகுமா? முடிந்தபின் கையில் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்குமா? மூன்றுக்கும் "ஆம்" வந்தால் போதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். தனியாகவே செய்துவிடக்கூடிய வேலைக்குக் கண்டம் தாண்டிய துணை சுமையாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அங்கே வெற்றி பெற்றது, இங்கேயும் பெறும்" என்ற நம்பிக்கை ஆபத்தானது. பிரேசிலின் செராடோ புல்வெளியை விளைநிலமாக்கிய அனுபவத்தை மொசாம்பிக்கின் நகாலா வழித்தடத்துக்குக் கொண்டுபோக ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் மூன்றும் சேர்ந்து புரோசவானா என்ற திட்டம் போட்டன. இரண்டு இடமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், ஒத்த புல்வெளியாக இருப்பது பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் நகாலா வெற்று நிலமல்ல. சிறு உழவர்கள் அடர்ந்து வாழும் பகுதி. தங்களைக் கேட்காமல் தங்கள் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். 2013ல் மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் திறந்த மடல் எழுதினார்கள். 2020ல் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. வேலை யாருடைய வாழ்வைத் தொடுகிறதோ அவர்களில் இரண்டு பேராவது உங்கள் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்கவில்லையென்றால் வேலையை மாற்றுங்கள்.

படி 2: குடை இருக்கிறதா என்று பாருங்கள்

இது அரை நாள் வேலை. உங்கள் நாடும் அவர்கள் நாடும் ஏற்கெனவே ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். ஆசியாவும் ஐரோப்பாவும் பேச 1996ல் பாங்காக்கில் தொடங்கிய ஆசியா–ஐரோப்பா கூட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1997ல் சிங்கப்பூரில் அமைந்த ஆசியா–ஐரோப்பா அறக்கட்டளை இளைஞர், கலை, கல்விப் பரிமாற்றங்களை நடத்துகிறது. கிழக்காசியாவும் லத்தீன் அமெரிக்காவும் சந்திக்க 1999ல் ஒரு மன்றம் உருவானது. அதன் முதல் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம் 2001ல் சிலியின் சாண்டியாகோவில் நடந்தது. ஜப்பான் ஆப்பிரிக்க நாடுகளோடு 1993 முதல் டோக்கியோ மாநாட்டை நடத்தி வருகிறது. வளரும் நாடுகள் தமக்குள் தொழில்நுட்பம் பகிர்வதற்கான வழிமுறையை 1978ல் புவெனஸ் அயர்ஸில் வகுத்தார்கள்.

இவை உங்கள் வேலையைச் செய்து தரமாட்டா. ஆனால் விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுதும்போதும், நிதிக்கு விண்ணப்பிக்கும்போதும், "இது நம் இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட இன்ன நோக்கத்தோடு சேர்ந்தது" என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் அதிகாரிகளுக்குக் கோப்பை நகர்த்துவது எளிது.

படி 3: முதல் கடிதம்

புதியவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "தங்கள் பெருமைமிகு நிறுவனத்துடன் பரஸ்பர நலன் தரும் துறைகளில் ஒத்துழைப்பை ஆராய விரும்புகிறோம். தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்." இதற்குப் பதில் வராது. மரியாதைக் குறைவு காரணமல்ல. என்ன பதில் எழுதுவது என்று பெறுபவருக்குத் தெரியாது.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "நாங்கள் 40 குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் விதை வங்கி. ஈரக் காலத்தில் பயறு விதையில் வண்டு விழுவதைத் தடுக்க முடியவில்லை. நீங்கள் மண்பானையில் சாம்பல் கலந்து காப்பதாக அறிந்தோம். பானையின் வாயை எதனால் மூடுகிறீர்கள்? எங்களிடம் வறட்சி தாங்கும் ஆறு சிறுதானிய வகைகளின் பத்தாண்டுக் குறிப்பேடு இருக்கிறது, வேண்டுமானால் பகிர்கிறோம்." பெறுபவர் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதிவிடலாம். கேள்வி ஒன்று, கொடை ஒன்று, எழுதியவர் யார் என்ற விவரம். கடிதம் அவ்வளவுதான். தலைவருக்கு அனுப்புவதோடு, அந்த வேலையைக் கையால் செய்பவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் ஒரு நகல் போகட்டும்.

மூன்று வாரம் பதில் இல்லையென்றால் நாள்காட்டியைப் பாருங்கள். தென் அரைக்கோளத்தில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை கோடை விடுமுறை. வடக்கே ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் வரும் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் முதல் ஜூன் வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும்தான் இரு பக்கமும் மேசையில் இருக்கும் காலம்.

படி 4: இரு பக்கமும் சமமாக

எனக்கு மிகப் பிடித்த உதாரணத்தைச் சொல்ல வேண்டிய இடம் இது. 1975 ஜூலை 17ல் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் விண்வெளியில் இணைந்தன. அதுவரை இருந்த இணைப்பு முறையில் ஒரு கலத்தில் நீட்டிய கம்பி இருக்கும், மற்றதில் அதை வாங்கும் குழி இருக்கும். ஒன்று செய்வது, மற்றது செய்யப்படுவது. இரண்டு வல்லரசுகளில் யார் வாங்கும் பக்கம்? சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாட்னிகவும் அமெரிக்கப் பொறியாளர்களும் வேறு வழியை வடிவமைத்தார்கள். இரு கலத்திலும் ஒரே மாதிரியான வளையம். அதில் வெளிநோக்கி விரிந்த மூன்று இதழ்கள். ஒருவர் இதழ் மற்றவர் இதழிடையே புகுந்து பூட்டிக்கொள்ளும். எந்தக் கலமும் முன்வந்து பிடிக்கலாம், எந்தக் கலமும் காத்திருக்கலாம். அந்த வடிவத்தின் வழித்தோன்றல்கள் பின்னர் மிர் நிலையத்திலும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் பயன்பட்டன.

காற்றும் ஒத்துப்போகவில்லை. அப்பல்லோவில் குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜன். சோயுஸில் தரைமட்ட அழுத்தத்தில் சாதாரணக் காற்று. நேரே கதவைத் திறந்து போனால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகும். ஆகவே நடுவே ஓர் இடைக்கூடத்தைக் கட்டினார்கள். சோவியத் பக்கம் தன் அழுத்தத்தை ஓரளவு குறைத்துக்கொண்டது. வீரர்கள் அந்தக் கூடத்தில் காத்திருந்து, உடலைப் பழக்கிக்கொண்டு, மறுபக்கம் போனார்கள்.

உங்கள் வேலையில் இது எப்படி இருக்கும்? கூட்டத் தலைமை முறைமாறி வரட்டும். நிகழ்ச்சி நிரலை ஒருமுறை நீங்கள் எழுதினால் மறுமுறை அவர்கள். ஆவணத்தில் அமைப்புகளின் பெயர் வரிசை பிரதிக்குப் பிரதி மாறட்டும். இடைக்கூடம் என்பது இரு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர், தலைவர்கள் இல்லாமல், மாதம் ஒருமுறை பேசும் சிறு குழு. சங்கடமான கேள்விகள் அங்கே முதலில் வரும். தலைவர்கள் சந்திக்கும்போது அவை தணிந்திருக்கும்.

பணத்திலும் சமநிலை வேண்டும். இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் 2003ல் அமைத்த கூட்டணிக்கு 2004ல் ஒரு நிதியம் வந்தது. மக்கள்தொகையிலும் பொருளாதாரத்திலும் மூன்றுக்கும் பெரும் வித்தியாசம். ஆனாலும் ஆளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்றே வைத்துக்கொண்டார்கள். முதல் திட்டம் கினி-பிசாவுவில் வேளாண்மைக்குப் போனது. உங்கள் இரு அமைப்புகளின் பணபலம் எட்டாத தூரத்தில் இருந்தால் சமத் தொகை நடக்காது. அப்போது உழைப்பு, நிலம், தரவு, தங்குமிடம் எல்லாவற்றையும் பங்களிப்பாக எழுதுங்கள். பரிமாற்றங்களில் நெடுங்காலமாகப் பழகிவந்த வழக்கம் ஒன்று உண்டு: பயணச் செலவு அனுப்புபவருடையது, தங்குவதும் சாப்பாடும் அழைப்பவருடையது. வங்கிக் கட்டணத்தையும் நாணய மாற்றில் வரும் இழப்பையும் யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். தொகை சிறிதுதான், ஆனால் மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

படி 5: நேரம்

சாண்டியாகோவுக்கும் மாட்ரிட்டுக்கும் எத்தனை மணி வித்தியாசம்? ஜனவரியில் 4, ஜூலையில் 6, இடையில் சில வாரங்கள் 5. வடக்கே கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் பருவத்தில் தெற்கே பின்னால் நகர்த்துகிறார்கள், அதுவும் வேறு வேறு நாளில். கடிகாரத்தையே மாற்றாத நாடுகள் இன்னும் பல. எனக்கு ஒருமுறை இப்படி நேர்ந்தது. மார்ச் கடைசி வாரம் நான் கூட்டத்தைத் திறந்தபோது மறுமுனையில் மூன்று முதியவர்கள் ஒரு மணி நேரமாகத் திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்று முதல் எல்லா அழைப்பிலும் மூன்று நேரம் எழுதுகிறேன்: அவர்கள் நேரம், எங்கள் நேரம், உலகப் பொது நேரம்.

தேதியை "03/04" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். சிலருக்கு அது ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுதுங்கள். எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 13 மாதம். மணியும் விடியலில் இருந்து எண்ணப்படுவதால் அங்கே ஒருவர் "காலை 2 மணி" என்றால் நம் கணக்கில் 8 மணி. மேற்காசியாவின் பல நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நிதியாண்டும் மாறும்: ஜப்பானில் ஏப்ரலில் தொடங்கும், ஆஸ்திரேலியாவில் ஜூலையில், அமெரிக்க மத்திய அரசுக்கு அக்டோபரில். "இந்த ஆண்டுக்குள் செலவிட வேண்டும்" என்று மறுபக்கம் சொன்னால் எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

நடுஇரவில் எழுந்து பேசும் சுமை எப்போதும் ஒரே பக்கத்தின் மேல் விழக் கூடாது. முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 6: மொழி

அப்பல்லோ–சோயுஸ் வீரர்கள் இதற்கும் நல்ல வழி கண்டார்கள். அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள், சோவியத் வீரர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். கற்ற மொழியில் பேசுபவர் மெதுவாக, எளிய சொற்களில்தான் பேசுவார். கேட்பவருக்கோ அது சொந்த மொழி. புரியாமல் போக வாய்ப்பு குறைவு. உங்கள் குழுவில் அவர்கள் மொழி கொஞ்சமாவது தெரிந்தவர் இருந்தால் அவரைப் பேசவிடுங்கள். பிழையோடு பேசினாலும் சரி.

இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஒருவர் பேசி நிறுத்த, அடுத்தவர் பெயர்த்துச் சொல்லும் முறையில் கூட்டம் ஏறக்குறைய இருமடங்கு நீளும்; நிகழ்ச்சி நிரலைப் பாதியாகக் குறையுங்கள். பேச்சோடு பேச்சாகப் பெயர்ப்பதாக இருந்தால் ஒரு மொழிக்கு இரண்டு பேர் தேவை. அரை மணிக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ளாமல் அந்த வேலையைச் செய்ய மூளை இடம் கொடுக்காது. ஒருவரை வைத்து நாள் முழுக்க ஓட்டினால் பிற்பகலில் தவறுகள் நுழைந்துவிடும், யாருக்கும் தெரியாமலே. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன் அவர்களுக்குக் கலைச்சொல் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

கடிதங்களுக்குக் கணினி மொழிபெயர்ப்பு போதும். ஆனால் அனுப்புமுன் அதைத் திருப்பி உங்கள் மொழிக்குப் பெயர்த்துப் படியுங்கள். "விரைவில்", "பார்க்கலாம்", "முயற்சி செய்கிறோம்" போன்ற சொற்கள் ஊருக்கு ஊர் பொருள் மாறுபவை. அவற்றுக்குப் பதிலாக யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். கூட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் முடிவுகளை ஐந்தாறு வரியில் இரு மொழியிலும் அனுப்பி, "நாங்கள் புரிந்துகொண்டது இது, சரியா?" என்று கேளுங்கள்.

படி 7: ஒரு பக்க ஒப்பந்தம்

பத்துப் பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வேலை என்ன, யார் எதைத் தருகிறார், எப்போது முடியும், விளைவு யாருக்குச் சொந்தம், கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது, எப்படி விலகுவது. விலகும் வழியை எழுதுவது அவநம்பிக்கை என்று சிலர் தயங்குவார்கள். கதவு எங்கே என்று தெரிந்த அறையில்தான் மனிதர்கள் நிம்மதியாக உட்காருகிறார்கள்.

விதை, நுண்ணுயிர், மூலிகை எதுவும் எல்லை தாண்டுவதாக இருந்தால் நகோயா நெறிமுறையையும் இரு நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளையும் பாருங்கள். 2014ல் நடைமுறைக்கு வந்த அந்த நெறிமுறை, மரபுவளத்தைத் தந்தவர்களுக்கும் பலனில் பங்கு வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தவரின் பெயர், முகவரி, உடல்நல விவரங்களைச் சேகரித்தால் அங்கே 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தலாம்.

படி 8: அரசுகள் முறுக்கிக்கொள்ளும்போது

இது வரும். உங்கள் தவறு எதுவுமில்லாமல் ஒரு நாள் இரு நாட்டு உறவு கெடும். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, 1958ல், பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்கலாம் என்று உலக சுகாதாரப் பேரவையில் முன்மொழிந்தவர் சோவியத்தின் விக்டர் ஜ்தானவ். 1967ல் தீவிரமான அந்த இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர் அமெரிக்கர் டி. ஏ. ஹெண்டர்சன். இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1977ல் சோமாலியாவில் காணப்பட்டார். 1980ல் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். அதே 1980ல் பாஸ்டனின் பெர்னார்ட் லோனும் மாஸ்கோவின் யெவ்கெனி சாசவும் அணுப்போரைத் தடுக்க மருத்துவர்கள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இருவரும் இதய மருத்துவர்கள். திடீர் இதய மரணம் பற்றிய ஆய்வில் அதற்கு முன்பே சேர்ந்து உழைத்தவர்கள். 1985ல் அவர்கள் இயக்கம் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. அணு ஆயுதம் பற்றிப் பேசும் துணிவு அந்த இதய ஆய்வில் பழகிய பழக்கத்தில் ஊன்றி நின்றது.

எல்லா உறவும் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். குண்டுவீச்சில் சிதைந்த இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரப் பெண்கள், முற்றுகையில் தவித்த சோவியத்தின் ஸ்டாலின்கிராடுக்கு (இன்றைய ரஷ்யாவின் வோல்கோகிராட்) தங்கள் பெயர்களைப் பூவேலை செய்த மேசைவிரிப்பை அனுப்பினார்கள். பெரும் அனுதாபத்தைவிடச் சிறு உதவி மேல் என்ற பொருளில் ஒரு வரியும் அதில் தைக்கப்பட்டிருந்தது. 1944ல் இரு நகரங்களும் இணைநகரங்கள் ஆயின. எழுபது ஆண்டுக்கு மேல் நீடித்த அந்த இணைப்பு, உக்ரைன் போர் மூண்டதும் 2022ல் நிறுத்திவைக்கப்பட்டது.

உங்களுக்கு அப்படி நேர்ந்தால் பொது நிகழ்ச்சிகளை ஒத்திவையுங்கள். அறிக்கை வெளியிடச் சொல்லி மறுபக்கத்தாரை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் பாதுகாப்பாகச் சொல்லக்கூடியதை அவர்கள் சொன்னால் வேலையையோ விடுதலையையோ இழக்கலாம். சின்ன வேலை தடையின்றி நடக்குமானால் நடத்துங்கள். அதுவும் முடியாதென்றால் பிறந்தநாள் வாழ்த்து, பனிக்காலம் எப்படி இருக்கிறது என்ற ஒரு விசாரிப்பு, அவ்வளவு போதும்.

படி 9: உங்களுக்குப் பின்

பல கூட்டணிகள் சாவது சண்டையால் அல்ல, ஒருங்கிணைப்பாளர் மாறுவதால். அவருடைய மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அவரோடு போய்விடும். முதல் மாதத்திலிருந்தே பொதுவான ஒரு கோப்புறையில் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், கலைச்சொல் பட்டியல் எல்லாவற்றையும் சேருங்கள். ஆட்களைப் பற்றியும் நாலு வரி எழுதி வையுங்கள்: யாருக்குத் தொலைபேசி பிடிக்கும், யாருக்குக் கடிதம், யாருடைய பெயரை எப்படி உச்சரிப்பது, எந்தக் கேள்வி இன்னும் விடையின்றிக் கிடக்கிறது. மறுபக்கத்தார் படித்தால் வருந்தும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பொறுப்பை ஒப்படைக்கும் நாள் தெரிந்ததும், அடுத்து வருபவரைக் கடைசி மூன்று அழைப்புகளில் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் அழைப்பில் அவர் கேட்கட்டும். இரண்டாவதில் கூட்டக் குறிப்பை அவர் எழுதட்டும். மூன்றாவதை அவர் நடத்தட்டும், நீங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு இருங்கள்.